தள்ளிப்போட்ட வேலைகளை முடிப்பது எப்படி: மஞ்சப்பையைக் காலி செய்ய ஒரு முழு வழிகாட்டி

பெரும்பாலான வீடுகளில் ஒரு பை இருக்கும். பீரோவின் மேல்தட்டில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், அல்லது கதவுக்குப் பின் ஆணியில். ஜவுளிக்கடை மஞ்சப்பையாகத்தான் இருக்கும். அதற்குள் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வைத்த காகிதங்கள்: இறப்புச் சான்றிதழ் நகல், காலாவதியான ஓட்டுநர் உரிமம், வங்கியிலிருந்து வந்த கேஒய்சி கடிதம், இன்ஷியல் தப்பாக அச்சான ஏதோ ஓர் அட்டை. என் பையில் 6 வருடக் காகிதம் சேர்ந்திருந்தது.

அதைக் காலி செய்ய எனக்கு 4 மாதம் ஆனது. இப்போது எங்கள் குடியிருப்பில் ஐந்தாறு பேர் சனிக்கிழமை காலையில் கீழ்த்தள ஹாலில் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் பையை அவரவர் காலி செய்கிறோம். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆர்வமாக உட்கார்வார்கள், முதலில் எதில் கை வைப்பது என்று தெரியாது, பத்து நிமிடத்தில் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். நான் பார்த்தவரை, முதல் படி கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் இதே ஆட்கள் கிடுகிடுவென்று முடிக்கிறார்கள்.

அலுவலக வேலைக்கு இந்த முறை தேவையில்லை. அங்கே கேட்க ஆள் இருக்கிறார். யாரும் கேட்காததாலேயே கிடப்பில் கிடக்கும் சொந்த வேலைகளுக்கு இது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 80 பக்க நோட்டு, பேனா, பத்து பிளாஸ்டிக் ஃபைல் கவர், தாள் கிழிக்கும் தினசரி காலண்டர். பாஸ்போர்ட் அளவு போட்டோ எட்டு. ஆதார், பான், குடும்ப அட்டை ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ். இவ்வளவுதான் செலவு.

செயலி எதையும் தரவிறக்காதீர்கள். எந்தச் செயலி நல்லது என்று தேடுவதிலேயே முதல் சனிக்கிழமை போய்விடும். போன வருடம் ஒரு தம்பி மூன்று வாரம் வண்ணம் வண்ணமாக அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தார். வேலையைத் தள்ளிப்போட அதைவிடக் கௌரவமான வழி கிடையாது.

இன்றைக்கே சரிபார்க்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் ஆதாரோடு இணைந்திருக்கும் கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா? பாதி இணையதளங்களில் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். பழைய சிம்மைத் தூக்கிப்போட்டிருந்தால், வேறு எந்த வேலைக்கும் முன்னால் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் இ-சேவை மையத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று திரும்பி வந்தவர்கள் பலர். அப்படித் திரும்பியவர்கள் மறுபடி போக இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள்.

## 2. பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்

தரையில் பாய் விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்து நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். காகிதமே இல்லாமல் மனதுக்குள் கிடப்பவையும் உண்டு: பல் டாக்டரைப் பார்ப்பது, எல்ஐசி பாலிசியில் நாமினியை மாற்றுவது, ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் பேசுவது. அவற்றையும் எழுதுங்கள். 45 நிமிடம் போதும்.

இந்த 45 நிமிடத்தில் ஒரு வேலையையும் செய்யாதீர்கள். புதியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். நான்காவது காகிதம் மின்கட்டண ரசீதாக இருக்கும். 'இதை இப்பவே கட்டிடலாமே' என்று போனை எடுப்பார்கள். அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ வீடியோ போட்டிருப்பார்கள். பாய் அப்படியே கிடக்கும். ராத்திரி படுக்க வேண்டுமே என்று எல்லாம் மறுபடி பைக்குள் போகும்.

எழுதி முடித்ததும் ஒரு தடவை மேலிருந்து கீழே படித்து, இனி செய்யவே வேண்டாதவற்றை அடித்துவிடுங்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய மிக்ஸி உத்தரவாத அட்டை, இந்த ஜென்மத்தில் சேரப்போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்த இந்தி வகுப்பு. என் நோட்டில் 31 வரிகளில் 7 இப்படிப் போயின. செய்யாமலே தீர்ந்த ஏழு வேலைகள். மனதில் கொஞ்சம் இடம் காலியாகும்.

## 3. வேலையின் பெயரை மாற்றி எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டில் 'பட்டா' என்று எழுதியிருப்பீர்கள். அது வேலை இல்லை, ஒரு பொருளின் பெயர். அதைப் பார்த்தால் கை எங்கும் போகாது, மனதில் பாரம் மட்டும் ஏறும். ஒவ்வொரு வரியையும் கையோ காலோ வாயோ செய்யக்கூடிய ஒரு செயலாக மாற்ற வேண்டும். 'போன் செய்', 'ஜெராக்ஸ் எடு', 'கேள்', 'கையெழுத்து வாங்கு' மாதிரி. 'பார்க்கணும்', 'முடிக்கணும்', 'சரிபண்ணணும்' என்று முடிந்தால் அது இன்னும் உடையவில்லை.

உடைக்கும்போது கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். என் சொந்தக் கதையையே சொல்கிறேன். அப்பா காலமாகி மூன்று வருடம். அவர் பெயரில் இருந்த மனைப் பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விண்ணப்பம் போட என்ன வேண்டும்? மூலப் பத்திரம், பழைய பட்டாவில் இருக்கும் சர்வே எண், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். பத்திரம் பீரோவில் இருக்கிறது. சர்வே எண் தெரியும். இறப்புச் சான்றிதழ் பையில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ்? இல்லை. அதைத் தாசில்தாரிடம் வாங்க என்ன வேண்டும்? இறப்புச் சான்றிதழோடு, வாரிசுகள் எல்லோருடைய ஆதாரும். அம்மாவுடையது, என்னுடையது கையில் இருக்கின்றன. தங்கையுடையது அவளிடம், கோவையில்.

ஆக, 'பட்டா' என்று மூன்று வருடம் என்னை மிரட்டிக்கொண்டிருந்த வேலையின் முதல் படி, தங்கைக்கு வாட்ஸ்அப்பில் 'உன் ஆதாரை போட்டோ எடுத்து அனுப்பு' என்று ஒரு வரி போடுவது. இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டாள். கூடவே, 'அண்ணா, இதுக்கா மூணு வருஷம்?' என்று ஒரு கேள்வி.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இந்தச் சங்கிலியை எழுதுங்கள். 80 பக்க நோட்டு கேட்டது இதற்காகத்தான். முழுச் சங்கிலியும் இப்போதே தெரிய வேண்டியதில்லை. முதல் கண்ணி தெரிந்தால் போதும். அதுவும் தெரியவில்லை என்றால், 'இன்னாரிடம் என்னென்ன வேண்டும் என்று கேள்' என்பதுதான் முதல் படி.

நம்மூரில் இன்ஷியலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, வங்கியில் இன்ஷியலே இல்லாமல் இருக்கும். பல வேலைகள் நின்றுபோவதன் உண்மைக் காரணம் இதுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்த ஆவணத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதி வையுங்கள். எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று முடிவு செய்ய ஒருநாள் அது கட்டாயம் உதவும்.

## 4. ஏன் நிற்கிறது என்று ஓரத்தில் ஒரு எழுத்து போடுங்கள்

மூன்றே எழுத்து: கா, ஆ, ப. காகிதம் இல்லை. ஆள் வேண்டும். பயம்.

'கா' போட்டவை சுலபம், அந்தக் காகிதத்தைத் தேடுவதே முதல் படி. 'ஆ' போட்டவற்றுக்கு அவர் பெயரையும் எண்ணையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரே ஆளிடம் மூன்று வேலை இருந்தால் ஒரே போனில் முடியும். ஊரில் இருக்கும் சித்தப்பாவை மூன்று தடவை தொந்தரவு செய்ய வேண்டாம்.

'ப' தான் கஷ்டம். யாரும் இதை முதலில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 'நேரமே இல்லைங்க' என்பார்கள். எங்கள் மூன்றாம் மாடி அக்கா ஒருவரின் கணவர் இறந்து நாலு வருடம். அவர் கணக்கில் இருந்த பணத்தைக் கேட்டு வங்கிக்குப் போகவே இல்லை. கடைசியில் சொன்னார்: 'இவ்வளவு நாளா ஏன் வரலைன்னு கேட்டா என்ன சொல்றது?' தள்ளிப்போட்ட வேலைக்கு வட்டி இந்தக் கூச்சம்தான். நாளாக நாளாக ஏறிக்கொண்டே போகும்.

கூச்சத்துக்கு நாங்கள் கண்ட மருந்து, கவுன்டரில் பேசப்போகும் முதல் இரண்டு வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டு போவது. அக்கா எழுதியது இது: 'வணக்கம் சார். என் வீட்டுக்காரர் இறந்துட்டார், அவர் கணக்குப் பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கணும். எந்த ஃபார்ம் சார்?' தாமதத்தைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. அந்தப் பக்கமும் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஃபார்மை எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வங்கி விஷயத்தில் பயப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2 வருடத்துக்கு மேல் வரவு செலவு எதுவும் இல்லாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். 10 வருடம் யாரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கியிடம் இருக்கும் ஒரு நிதிக்குப் போய்விடும். அப்போதும் அது தொலைந்துவிடவில்லை, உரியவர் அதே வங்கியின் மூலம் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் என்றே தெரியாவிட்டால் தேடிப் பார்க்க, ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் என்ற இணையதளம் இருக்கிறது.

## 5. எது சுடுகிறது என்று பாருங்கள்

இப்போதுதான் முன்னுரிமை. படி 3க்கு முன்னால் இதைச் செய்தால், எல்லாமே அவசரம் என்று தோன்றும். தாமதமானால் பணமோ உரிமையோ போகும் வேலைகளுக்கு மட்டும் சிவப்பு மையில் தேதி எழுதுங்கள். அடிக்கடி மஞ்சப்பைகளில் கிடைப்பவை இவை:

வருமான வரிக் கணக்கு: சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31. தாண்டினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றான ஃபார்ம் 16ஐக் கம்பெனி தருவதற்குக் கெடு ஜூன் 15. ஆக நிஜத்தில் உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மாதம்தான்.

ஓட்டுநர் உரிமம்: காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

வண்டி இன்சூரன்ஸ்: முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், இத்தனை வருடம் சேர்த்த நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். போனஸ் கிடக்கட்டும், இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட வண்டியை எடுக்கக் கூடாது.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர்: ஒரு வருடம் வரை கட்டணமில்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை. பள்ளியில் சேர்க்கும்போதுதான் பாதிப் பேருக்கு ஞாபகம் வருகிறது.

தேதியே இல்லாத வேலைகளும் இருக்கும். பட்டாவுக்கு யாரும் கெடு வைக்கவில்லை; அதனால்தான் கிடந்தது. அவற்றுக்கு நீங்களே ஒரு தேதி போட்டால் மனம் ஏமாறாது, அது பொய்த் தேதி என்று அதற்குத் தெரியும். பதிலாக, அந்தத் தேதியை வேறு ஒருவரிடம் சொல்லுங்கள். நான் தங்கையிடம் சொன்னேன். அதன் பிறகு வாராவாரம் போன் வந்தது.

## 6. ஒரு வாரம் நேரக் கணக்கு எழுதுங்கள்

வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிதான். ஏழு நாள், காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, அரை மணிக்கு ஒரு வரி. இந்த வாரத்தில் எதையும் திருத்த முயலாதீர்கள். இருப்பதை அப்படியே எழுதுங்கள். போனில் எவ்வளவு நேரம் போகிறது என்பதை உங்கள் யூகத்துக்கு விடாமல் அமைப்புகளில் போய்ப் பாருங்கள், அதுவே கணக்கு வைத்திருக்கிறது.

நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே கால் மணி நேரம் கிடைத்தது. இன்னொருவருக்கு எங்குமே இல்லை: இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான மாமியார், ஷிஃப்ட் வேலை. அவரிடம் போய் நேர மேலாண்மை பேசுவது அநியாயம். அவர் வீட்டுக்காரர் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்ட பிறகுதான் அவருடைய நோட்டு நகர்ந்தது.

## 7. வாரத்துக்கு ஒரு அமர்வு, மாதத்துக்கு ஒரு வேலைநாள்

தினமும் அரை மணி நேரம் என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரமே அறுந்துவிடும். வாரத்தில் ஒரே அமர்வு, ஒன்றரை மணி நேரம், ஒரே இடம். இணையதளம், போன், எழுத்து வேலை எல்லாம் அதில்.

நாங்கள் சனிக்கிழமை 7.30 முதல் 9 வரை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அன்றைக்கு 9 முதல் 10.30 வரை ராகு காலம். 6 முதல் 7.30 வரை குளிகை. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள், வாரிசுச் சான்றிதழ் வேலை திரும்பத் திரும்ப நடக்க யாருக்கு ஆசை? இரண்டுக்கும் நடுவே வைத்துவிட்டால் யாரும் சாக்கு சொல்ல முடியாது. நம்பிக்கை உங்கள் சொந்த விஷயம். ஆனால் 'ஆடி முடியட்டும்', 'அஷ்டமி போகட்டும்' என்று வீட்டில் பேச்சு வருமானால், காலண்டரைப் பார்த்து அதற்கு முன்பே இடம் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். விண்ணப்ப எண் வாங்குவதற்கு முகூர்த்தம் தேவையில்லை என்று வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடியிருப்பில் யாரும் இல்லை.

நேரில் போக வேண்டியவற்றுக்கு மாதம் ஒரு வேலைநாள் விடுப்பு எடுங்கள், அரை நாளாவது. தாலுகா ஆபீஸ் சனிக்கிழமை திறக்காது. மாதத்தின் 2வது, 4வது சனிக்கிழமை வங்கியும் கிடையாது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வேலை இருந்தால் திங்களைத் தவிருங்கள், அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். ஒரே பக்கத்தில் இருக்கும் மூன்று வேலைகளை அன்றைக்குச் சேர்த்து வையுங்கள். ஆனால் மூன்றும் முடியும் என்று எண்ணாதீர்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதை இரண்டால் பெருக்குங்கள். தன் வேலைக்குத் தேவைப்படும் நேரத்தை மனிதன் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவான். கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இல் இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். போன தடவை ஆன நேரம் நினைவிருந்தும் இந்தத் தடவை வேறு மாதிரி இருக்கும் என்று நம்புவதுதான் இதில் வேடிக்கை.

## 8. வெள்ளி இரவு பத்து நிமிடம்

நாளைக்கு எந்த ஒரு பக்கம் என்று முடிவு செய்து, அதற்கான காகிதங்களை ஒரு கவரில் போட்டு, நோட்டின் மேல் வையுங்கள். போனைச் சார்ஜில் போடுங்கள். கடவுச்சொல் மறந்துவிட்டதா என்று இப்போதே ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள்.

காலையில் முடிவெடுக்கும் வேலையே இருக்கக் கூடாது. 'எதிலிருந்து ஆரம்பிக்கலாம்' என்ற கேள்வி வந்த நொடியில் மனம் காபி பக்கம் திரும்பிவிடும்.

## 9. உட்கார்ந்த பிறகு

ஒரு பக்கம் மட்டும். முடிந்தால் அடுத்தது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற தக்காளிக் கடிகார முறை பிரபலம். படிப்புக்கு அது சரி. அரசு இணையதளத்துக்கு ஒத்துவராது. உள்நுழையவே பத்து நிமிடம் ஆகும், ஓய்வெடுத்துத் திரும்பினால் வெளியே தள்ளிவிட்டிருக்கும். நாங்கள் 45 நிமிடமாக வைத்திருக்கிறோம்.

பதிவேற்றும் கோப்பின் அளவைப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். படித்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் எடுத்த போட்டோ பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். இந்த ஓர் இடத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் அதிகம்.

தடங்கல் வந்து நிறுத்தினால், எழுமுன் அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: 'சர்வே எண் உட்பிரிவு கேட்கிறது, பத்திரத்தின் 3ஆம் பக்கம் பார்.' அடுத்த வாரத்து நீங்கள் வேறு ஆள். அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

## 10. பந்து அடுத்தவர் கையில் இருக்கும்போது

விண்ணப்பம் போட்டாயிற்று என்று டிக் அடிக்காதீர்கள். விண்ணப்ப எண், தேதி, யாரிடம் கொடுத்தோம், அடுத்து எப்போது கேட்க வேண்டும் என்ற நான்கையும் எழுதுங்கள். பின்தொடரும் தேதியைத் தினசரி காலண்டரில் அந்தத் தாளிலேயே பேனாவால் குறியுங்கள். அன்றைக்குத் தாளைக் கிழிக்கும்போது கண்ணில் படும்.

என் முதல் விண்ணப்பம் ஒரு காகிதம் குறைவு என்று திருப்பப்பட்டு ஆறு வாரம் கிடந்தது. தகவல் பழைய எண்ணுக்குப் போயிருந்தது. யாரைத் திட்டுவது? படி 1ஐ நான் அப்போது இன்னும் எழுதியிருக்கவில்லை.

## 11. ஒரு வாரம் விட்டுப்போனால்

விட்டுப்போகும். கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் தேர்வு என்று ஏதாவது வரும். அடுத்த சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட முயலாதீர்கள். அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தே அதற்கடுத்த வாரமும் போய்விடும். வழக்கமான ஒன்றரை மணி நேரம், இருப்பதிலேயே சின்னப் பக்கம். இன்சூரன்ஸ் ரசீதை ஃபைலில் போடுவதாக இருந்தாலும் சரி.

ஒரே பக்கம் நான்கு வாரம் தொடர்ந்து நகராமல் நின்றால் மறுபடி படி 4க்குப் போங்கள். ஓரத்தில் 'கா' என்று எழுதியிருப்பீர்கள். பெரும்பாலும் அது 'ப'.

பை காலியான பிறகு அதை அதே ஆணியில் மாட்டாதீர்கள், புதிய காகிதங்கள் தானாக வந்து விழும். நாங்கள் அதைக் காய்கறிக்கு எடுத்துப் போகிறோம். வீட்டுக்கு வரும் காகிதத்துக்குச் சாப்பாட்டு மேசை ஓரத்தில் ஒரு தட்டு இருக்கிறது. வெள்ளி இரவுப் பத்து நிமிடத்தில் அது காலியாகும். இந்த வாரம் அதில் கிடப்பது ஒரு சொத்து வரி நோட்டீஸ், தங்கையின் கல்யாணப் பத்திரிகை நகல் ஒன்று, அப்புறம் பல் டாக்டர் எழுதிய சீட்டு. முதல் இரண்டுக்கு நாள் குறித்தாயிற்று. மூன்றாவதின் ஓரத்தில் 'ப' போட்டிருக்கிறேன்.